ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பெட்டை நாய்கள் திடீரென்று ஏன் கடித்துக்கொள்கின்றன?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கம்பம். இப்போது மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்தில் குடியிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு பெட்டைகள். எட்டு வயதுச் செவலைக் கோம்பை (நாட்டு நாய் இனம்) செவ்வந்தி; மூன்று மாதக் குட்டியாக வந்து இப்போது இரண்டு வயதைத் தொட்டிருக்கும் லாப்ரடார் கலப்பு ரோசி. இரண்டுக்கும் கருத்தடை செய்யவில்லை. இத்தனை நாள் ஒரே சாக்கில் படுத்து ஒரே தட்டில் தின்றவை, கடந்த மூன்று வாரத்தில் மூன்று தடவை ரத்தம் வரக் கடித்துக்கொண்டன. முதல் சண்டை அடுப்படி வாசலில். அடுத்தது வீட்டுக்காரர் ஜீப்பை விட்டு இறங்கிய நேரத்தில். மூன்றாவது நான்கு நாள் முன்பு, மழை ராத்திரியில், திண்ணையில், “ஒரு காரணமும் இல்லாமல்”. அதில் செவ்வந்தியின் காது கிழிந்தது. பிரிக்கப் போன வீட்டுக்காரர் கையிலும் பல் பட்டது. “ஏன் திடீரென்று இப்படி?” என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், ரோசியைக் கூடலூரில் தங்கச்சி வீட்டில் விட்டுவிடலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். மலைக்குக் கீழேயும் மேலேயுமாகப் பல வருடம் வேலை பார்த்தவன். எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு மாடும் ஆடும்தான். நாய்கள் அதன் கூடவே வந்து சேர்ந்தன. நாய்களின் நடத்தையை மட்டுமே தனியாகப் படித்த நிபுணன் இல்லை. உங்கள் நாய்களை நேரில் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

நாய்களுக்கு முன்னால் வீட்டுக்காரர் கை. கடித்த அன்றே சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவினீர்களா என்று எழுதவில்லை. கழுவியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்ற பேச்சை டாக்டரிடம் சொல்லட்டும். முடிவை அவர் எடுப்பார். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வெறிநோய்த் தடுப்பூசி வரும். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்ப வேண்டாம்.

நம் நாட்டில் ஒரு நாய் திடீரென்று குணம் மாறினால் முதலில் வெறிநோயைத்தான் நினைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது கடைசி வரியில் வரும், அல்லது வரவே வராது. உங்கள் விஷயத்தில் ஆறுதலான சேதி ஒன்று இருக்கிறது. வெறிநோய் அறிகுறி காட்டத் தொடங்கிய நாய் பத்து நாளைத் தாண்டாது. இங்கே முதல் சண்டை நடந்து மூன்று வாரம் ஆகிறது. இடையில் இரண்டும் ஒழுங்காகத் தின்றன, தண்ணீர் குடித்தன, உங்கள் பின்னால் வாலாட்டிக்கொண்டு வந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் சண்டைக்கு வெறிநோய் காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் கணக்கு அதோடு முடிந்துவிடவில்லை. செவ்வந்திக்கு வருடா வருடம் முகாமில் வெறிநோய் ஊசி போடுகிறீர்கள். ரோசிக்குக் குட்டியில் போட்ட ஒன்றோடு சரி. ஏலக்காட்டுக்குள் கீரியும் நரியும் தெரு நாயும் நடமாடும் இடத்தில் அது போதாது. கடைசிச் சண்டை நடந்து பத்து நாள் ஆனதும் ரோசிக்கு ஊசி போடுங்கள். அதுவரை இரண்டையும் கண் பார்வையில் வையுங்கள். கீழ்த்தாடை தொங்குவது, குரைப்பு கரகரத்து மாறுவது, இருட்டு மூலை தேடுவது, கல்லையும் கட்டையையும் கடிப்பது என்று எதுவும் தெரிந்தால் வாய்க்குள் கை விட்டுப் பார்க்காமல் தனியே அடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

இதில் தோட்டத்துக்காரர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. செடிக்கு மருந்தடித்த நாளில் நாய் எச்சில் ஒழுக்கினால் எல்லாரும் வெறி என்று ஓடுவார்கள். பூச்சிமருந்து விஷத்தில் எச்சிலோடு உடம்பு நடுங்கும், பேதியாகும், கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும். மணிக்கணக்கில் உயிர் போய்விடும், ஆனால் நேரத்தோடு கொண்டுவந்தால் மாற்று மருந்து இருக்கிறது. உங்கள் நாய்களுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சரி, வெறி இல்லை என்றால் அடுத்தது வலி. என் அனுபவத்தில் மூத்த நாயின் குணம் மாறினால் பாதிக் கதை அதன் உடம்பில் இருக்கும். எட்டு வயது கோம்பைக்குக் கிழப்பருவம் இல்லைதான்; ஆனால் இடுப்பும் முழங்காலும் தேயத் தொடங்கும் வயது. நாய் வலியை நொண்டித்தான் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்பு ஒரே தாவலில் ஏறிய திண்ணையில் இப்போது முன்கால் இரண்டையும் வைத்து ஒரு நொடி நின்று ஏறுகிறதா? காலையில் எழுந்ததும் முதல் நாலு அடி விறைப்பாக வைக்கிறதா? இடுப்பின் மேல் கையை வைத்து மெதுவாக அழுத்தும்போது திரும்பி உங்கள் கையைப் பார்க்கிறதா? கத்தாது. உதட்டை ஒரு தடவை நக்கிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். அந்தத் திருப்பலைக் கவனித்துவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். இப்படி இடுப்பு வலியோடு படுத்திருக்கும் நாயின் மேல், இரண்டு வயதுத் துள்ளலில் இருபத்தைந்து கிலோ லாப்ரடார் வந்து விழுந்தால் என்ன நடக்கும்? ஒரு தடவை உறுமும், இரண்டு தடவை உறுமும், மூன்றாவது தடவை கடிக்கும். அதற்குப் பிறகு ரோசி பக்கத்தில் வந்தாலே வலி வரப் போகிறது என்று அதன் மூளை முடிவு கட்டிவிடும்.

ரோசிக்கும் காதைப் பாருங்கள். தொங்கு காது லாப்ரடார் கலப்புக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினாலே காதுக்குள் பூஞ்சை பிடிக்கும். தலையை உதறுவது, காதைத் தரையில் தேய்ப்பது, புளித்த வாடை என்றெல்லாம் வந்தால் அதுவும் வலிதான். பற்களும் அப்படியே. அப்புறம் உண்ணி. மலை நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் அடிக்கடி வருவது; மந்தமாக, மூட்டு வலியோடு, சிடுசிடுப்பாக இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு குறைந்தாலும் நாய் கடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். மற்ற அறிகுறிகள் இருந்தால் பார்க்கலாம், இதற்காக மட்டும் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: வலிக்கிறது என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரண்டுக்கும் உடம்பில் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னால், அப்போதுதான் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் சண்டையில் பெரும்பாலானவை ஒரே பாலின ஜோடிகள், பெட்டையும் பெட்டையும் மோதும் வீடுகள் அதில் அதிகம். தொடங்குவது பெரும்பாலும் வயதில் இளையது, வீட்டுக்குப் பின்னால் வந்தது. 2011இல் அமெரிக்காவில் 38 ஜோடிகளை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே பாலினம். 38 சின்ன எண்ணிக்கைதான், அதுவும் ஆஸ்பத்திரிக்கு வந்தவை மட்டும். ஆனால் இந்தப் பக்கம் நான் பார்த்ததும் அதே திசையில்தான் இருக்கிறது. வயதும் முக்கியம். நாய் உடம்பால் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும். புத்தி முதிர ஒன்றரை முதல் மூன்று வருடம் ஆகும். குட்டியாக இருந்தவரை ரோசி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தது. இப்போது விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அதற்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் “திடீரென்று” என்று சொல்வது பெரும்பாலும் பல மாதமாக ஊறியதுதான்.

அந்த ஊறலை எப்படிப் பார்ப்பது? உத்தமபாளையத்தில் ஒரு வீட்டில் இதே கதைக்காகப் போனேன். சாயா குடித்துக்கொண்டு ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூத்தது நடை வாசலில் குறுக்கே படுத்திருந்தது. இளையது உள்ளேயிருந்து வந்தது. இரண்டடி தூரத்தில் நின்றது. மூத்தது எழவில்லை, உறுமவில்லை, கண்ணை மட்டும் அசைக்காமல் நிறுத்தியது. வாய் மூடிக்கொண்டது. இளையது தலையைத் திருப்பி, தரையை மோந்து பார்ப்பது போல நடித்து, பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனது. இத்தனையும் மூன்று நொடிக்குள். “பாருங்க சார், எவ்வளவு சமாதானமா இருக்குதுங்க” என்றார் வீட்டுக்காரர். அங்கே நடந்தது சண்டை. கடி மட்டும் இல்லை. அந்தச் சுற்று வழியை ஒரு நாள் கதவு அடைத்தால் அன்றைக்கு ரத்தம்.

இனி உங்கள் மூன்று சண்டைகளைப் பாருங்கள். அடுப்படி வாசல்: குறுகிய வழி, உள்ளே சாப்பாட்டு வாசனை. ஜீப் வந்த நேரம்: எஜமானர் வருகிறார், இரண்டும் வெறி பிடித்தது போல ஓடுகின்றன, முதலில் யார் தொடுவது என்ற தள்ளுமுள்ளு. திண்ணை: மழை, ஒதுங்க ஒரே இடம், ஒரே சாக்கு, இருட்டு. மூன்றுக்கும் பொதுவானது இடநெருக்கடி. கூடவே சாப்பாடோ, ஆளோ, படுக்கையோ. மழைக்காலத்தில் இந்த மாதிரி வழக்குகள் கூடுகின்றன என்பது என் எண்ணம். தோட்டத்தில் திரிந்த நாய் நாளெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது, காதும் மூட்டும் வலிக்கிறது, காட்டுப்பன்றி வாடை அடித்தால் ஓடவும் வழியில்லை. இதை எண்ணிக்கையோடு நிரூபிக்க என்னால் முடியாது; பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை: யார் எப்போது ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வந்தது? சண்டை தொடங்குவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பு ரோசி ஹீட்டில் இருந்திருந்தால், இப்போது பொய்ச்சினையில் இருக்கலாம். குட்டி இல்லாமலேயே உடம்பு குட்டி போட்டதாக நினைத்துக்கொள்ளும். மடி கனக்கும், சிலதுக்குப் பால் கூட வரும். பழைய செருப்பையோ துணியையோ தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கில் வைத்து, அதைச் சுற்றிச் சுருண்டு படுக்கும். பக்கத்தில் போனால் சீறும். ரோசியின் சாக்கில் உங்கள் அத்தையின் செருப்பு கிடைத்தால் திண்ணைச் சண்டைக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரத்தில் பெரும்பாலும் தானாக அடங்கும். கருத்தடை செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஹீட்டையும் பொய்ச்சினையையும் ஒட்டி வரும் சண்டை குறையும். மற்ற சண்டைக்கு அது மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது. செய்வதாக இருந்தால் பொய்ச்சினை அடங்கிய பிறகு செய்யச் சொல்லுங்கள். நடுவில் செய்தால் அந்தக் குணம் இழுத்துக்கொண்டே போவது உண்டு. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டால் கருப்பைச் சீழ் வராமல் தடுக்கவே இரண்டுக்கும் கருத்தடை செய்வது நல்லது.

“மூத்ததுதான் தலைவி, ரோசியை மல்லாக்கப் போட்டு அமுக்கினால் அடங்கும்” என்று வீட்டுக்காரரிடம் யாரோ சொன்னார்களாம். வேண்டவே வேண்டாம். இந்தத் தலைவர் கதை, முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்துப் பார்த்துக் கிளம்பியது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே 1999இல் அதைத் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். பயத்திலோ வலியிலோ இருக்கும் நாயை அமுக்கினால் உறுமுவதை நிறுத்திவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். மூத்ததுக்கு முதலில் சாப்பாடு வைப்பது, முதலில் தடவிக்கொடுப்பது என்ற யோசனை சில வீடுகளில் பலித்திருக்கிறது, சில வீடுகளில் இளையதை இன்னும் சூடேற்றியிருக்கிறது. இரண்டும் உட்கார்ந்த பிறகுதான் எதுவும் கிடைக்கும் என்று பழக்குவது அதைவிட நம்பகமானது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உங்கள் அத்தை சொல்கிறாராம்; அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, போடட்டும். கதவையும் சேர்த்து அடைக்கச் சொல்லுங்கள்.

ஏனென்றால் இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது அதுதான். “அதுங்களே தீர்த்துக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். பெட்டைகள் தீர்த்துக்கொள்வது அபூர்வம், ஒவ்வொரு சண்டையும் அடுத்ததை எளிதாக்கும். குறைந்தது மூன்று வாரத்துக்கு முழுப் பிரிவினை. ஒன்று வீட்டுக்குள், மற்றது ஸ்டோர் பக்கம்; சில மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் கதவோ பலகையோ வேண்டும். கம்பி வலை மட்டும் இருந்தால் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்தே சூடேறிவிடும். தட்டும் தண்ணீரும் சாக்கும் தனித்தனி. கறி எலும்பை எதற்கும் கீழே போடாதீர்கள். வீட்டுக்காரர் வரும்போது இரண்டும் அடைப்பில் இருக்கட்டும். அவர் உள்ளே வந்து, கை கால் கழுவி, பரபரப்பு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கட்டும்.

தப்பித்தவறி மறுபடி மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டையில் கை வைக்காதீர்கள், தடியால் அடிக்காதீர்கள். அடி வாங்கும் நாய் எதிரே இருப்பதுதான் அடித்தது என்று நினைத்து இன்னும் இறுக்கும். தண்ணீர் ஹோஸ் இருந்தால் மூஞ்சியில் பீய்ச்சுங்கள். இல்லாவிட்டால் நனைந்த சாக்கை இரண்டின் தலை மேலும் போடுங்கள், அல்லது ஒரு பலகையை நடுவில் செருகுங்கள். ஆள் இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கு ஒரு நாயாக, ஒரே நேரத்தில் பின்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னால் வட்டமாக நகர்த்தலாம். கவ்விய வாய் விடும் முன் இழுத்தால் சதை கிழியும். பிரித்ததும் கடிபட்ட இடத்தை முடி விலக்கிப் பாருங்கள். நாய்க்கடி வெளியே அரிசி அளவு துளையாகத் தெரியும், உள்ளே தோலுக்கும் சதைக்கும் நடுவில் பை பிரிந்திருக்கும். மழையில் இரண்டு மூன்று நாளில் சீழும் புழுவும் வைக்கும். செவ்வந்தியின் காதையும் இதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

மூன்று வாரமும் அமைதியாகப் போனால், வலிக்கு மருந்தும் ஆரம்பித்துவிட்டால், வெளியில் தொடங்குங்கள். இரண்டு ஆள், இரண்டு கயிறு. இடையில் இருபது முப்பது அடி விட்டு, எஸ்டேட் ரோட்டில் ஒரே திசையில் நடங்கள். எதிரெதிரே நிறுத்த வேண்டாம். ஒன்றையொன்று பார்த்து உடனே முகத்தைத் திருப்பினால் கறித்துண்டு. கண் நிலைத்தால் உடனே தூரத்தைக் கூட்டுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் நெருங்கலாம். இதற்கிடையே இரண்டுக்கும் கம்பிக்கூடை மாதிரியான வாய்க்கூடு பழக்குங்கள். தண்ணீர் குடிக்கவும் வாய் திறந்து மூச்சு வாங்கவும் முடிகிற வகையாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை இதற்கு ஆகாது. வீட்டுக்குள் சேர்ப்பது கடைசியில். அதுவும் அகலமான முற்றத்தில், வாய்க்கூட்டோடு, சில நிமிடம். அடுப்படியும் திண்ணையும் எப்போதும் ஒரு நாய்க்கு மட்டும். மாதக்கணக்கு வேலை இது.

பதற்றம் மிகுந்த நாய்க்கு மாத்திரையும் உண்டு. ஃப்ளூஆக்ஸெட்டின் போன்றவை வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பயன். அளவை இங்கே எழுத மாட்டேன். அதற்கு நாயை எடை போட்டு, ரத்தம் பார்த்து, அருகில் இருப்பவர்தான் எழுத வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இதில் பழக்கம் இல்லை என்றால் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இறங்குங்கள், அல்லது திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குப் போங்கள்.

இனி கூடலூர். பெட்டைகள் ரத்தம் வரக் கடித்து, சண்டை எங்கே மூளும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாமல் போனால், பழையபடி ஒரே சாக்கில் படுக்கும் நாள் திரும்ப வருவது கடினம். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வீட்டில் சின்னக் குழந்தையோ, நடக்கத் தடுமாறும் வயதானவரோ இருந்தால் நான் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மூன்று சண்டைக்கும் இடமும் நேரமும் தெரிகிறது; வலி இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவே இல்லை. அதைப் பார்க்காமல் ரோசியை அனுப்பினால் செவ்வந்திக்கு இடுப்பு வலி அப்படியே இருக்கும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் ரோசிதான் போகலாம். இரண்டு வயது லாப்ரடார் கலப்பு புது வீட்டோடு ஒட்டிக்கொள்ளும், எட்டு வயதுக் கோம்பை ஒட்டாது. தங்கச்சியிடம் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள், முக்கியமாக அவர் வீட்டில் ஏற்கெனவே பெட்டை இருந்தால். ஊசிச் சான்றிதழைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

செவ்வந்தியை இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ரோசியை ஜீப்பில் ஏற்றாதீர்கள். அதை மறுநாள் தனியாகக் கூட்டிப் போங்கள். திண்ணையில் ஏறுவதையும் எழுந்து நடப்பதையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் எந்த நாயும் நொண்டாது.